ஒரு நாள் முந்திய பிறை

காலை ஐந்து நாற்பது. முதலில் கண்ணில் பட்டது, மாடியின் கடைசிப் படியில் ஊன்றியிருந்த ஒரு பழுப்பு பூட்ஸ். அதன் பின்னால் இன்னும் மூன்று ஜோடி. டாக்குரியாவில் நாங்கள் குடியிருந்த மாடிக்கு அந்த வேளையில் பால்காரர் மட்டும்தான் வருவார். அவர் செருப்பு அணிவதில்லை.

எழுபதுகளின் தொடக்கம், வங்காளத்தில் போலீஸ் மாணவர்களைத் தேடிப் பிடித்த காலம். துர்கா பூஜை முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஜாதவ்பூரில் படிக்கும் பிள்ளைகள் இருந்த வீடுகளில் யாரும் விடியும்வரை சரியாகத் தூங்காத மாதங்கள் அவை. எங்கள் வீட்டில் என் மனைவியின் தம்பி இருந்தான். பொறியியல், மூன்றாம் ஆண்டு. அவனைச் சட்டை மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். பதினோரு நாளுக்கு முன், சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு, ஏரிக்கரையில் குண்டு வீசியவர்களுள் அவனும் ஒருவன் என்று யாரோ சொல்லியிருந்தார்.

"அன்னிக்கு அவன் கிடர்பூர்ல கல்யாணத்துலல்ல இருந்தான்? சொல்லுங்களேன்" என்றாள் மனைவி.

நான் சொன்னேன். "ஸ்டேஷனுக்கு வந்து சொல்லுங்க, மோஷாய்" என்றார் போலீஸ் அதிகாரி.

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு வண்டி கிளம்பியது. அவன் மூக்குக்கண்ணாடி மேஜையிலேயே இருந்தது. அது இல்லாமல் அவனுக்கு எதிர்ச் சுவர்கூடத் தெளிவாகத் தெரியாது. மனைவி அதை முந்தானையால் துடைத்து என் சட்டைப்பையில் வைத்தாள். "பகல்லயே போய்ப் பாத்துருங்க. ராத்திரி ஆக விடாதீங்க" என்றாள். அந்த மாதங்களில் அழைத்துப் போகப்பட்ட எல்லோரும் வீடு திரும்பியதில்லை.

நான் ஓர் ஆங்கில நாளிதழில் துணை ஆசிரியர். பழைய இதழ்களைத் தைத்து, அட்டை போட்டு, அலமாரியில் அடுக்குபவரை எங்கள் அலுவலகத்தில் தப்தரி என்போம். அவர் மகளுக்குத்தான் அந்தக் கல்யாணம். மாப்பிள்ளை கப்பல் வேலைக்காரர். கப்பல் கிளம்பும் நாள் முந்திவிட்டதால் நான்கே நாளில் ஏற்பாடு செய்தார்கள். பத்திரிகை அடிக்க நேரமில்லை, வாயால்தான் அழைத்தார்கள். எனக்கு மாலை ஷிப்ட் என்பதால், ஒரு புடவையைக் கொடுத்து மைத்துனனை அனுப்பினேன்.

பத்து மணிக்கு அலுவலகத்தில் தப்தரியிடம் சொன்னேன். அவர் ஊசியை நூலோடு அட்டையில் குத்திவிட்டு எழுந்தார். கிடர்பூர் போய், நிக்காஹ் எழுதிய தாளையும் ஒரு புகைப்படத்தையும் கொண்டுவந்தார். படத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில், பாயில், கண்ணாடியோடு என் மைத்துனன். படத்தில் தேதி இல்லை. தாள் உருதுவில் இருந்தது. அதில் ஒரே ஒரு தேதி, ஹிஜ்ரி என்ற முஸ்லிம் கணக்கில் ஷாபான் மாதம் பன்னிரண்டு.

அது என்ன கிழமை என்று காட்ட என்னிடம் சான்று இருந்தது. எங்கள் நாளிதழின் முதல் பக்கத்துக் கீழ்மூலையில் தினமும் ஒரு சின்னப் பெட்டி வரும். சூரிய உதயம், அஸ்தமனம், வங்காளத் தேதி, ஹிஜ்ரி தேதி. அந்தச் சனிக்கிழமை இதழை எடுத்துக்கொண்டேன். பெட்டியில் ஷாபான் 12 என்றே இருந்தது.

பன்னிரண்டரைக்கு ஸ்டேஷனில் அதிகாரி மூன்றையும் மேஜையில் பரப்பிப் பார்த்தார். படம், தாள், பெட்டி. "நடந்தது சனிக்கிழமைதான் போலிருக்கு" என்றார். "எங்க முன்ஷி உருது படிப்பார். அவர் ஒரு தடவ பாக்கட்டும். நாளைக்கு வாங்க." கண்ணாடியைக் கொடுக்கலாமா என்று கேட்டேன். கண்ணாடிப் பொருள் எதுவும் லாக்கப்புக்குள் போகக்கூடாது என்றார்.

மறுநாள் வியாழக்கிழமை, காலை ஒன்பது. தப்தரியும் கூட வந்தார். அதிகாரியின் பக்கத்தில் முன்ஷி நின்றார். நரைத்த தாடி; ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் தலைமைக் காவலர்.

"தாள்ல இன்னொரு வரி இருக்கு. நீங்க சொல்லல" என்றார் அதிகாரி.

முன்ஷி விரலை வைத்துப் படித்தார். "பாத் நமாஸ்-ஏ-மக்ரிப். சூரியன் அடைஞ்சதும் தொழுவோமே, அதுக்கப்புறம்."

"அதனால?" என்றேன்.

"எங்க கணக்குல நாள் சாயங்காலத்துல பொறக்குது, பாபு. ராத்திரி முன்னால, பகல் பின்னால. சனிக்கிழமை பகல் பன்னெண்டுன்னா, பன்னெண்டோட ராத்திரி வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்துடும்."

அதிகாரி எங்கள் நாளிதழின் பெட்டியை விரலால் தட்டினார். "கல்யாணம் வெள்ளிக்கிழமை. உங்க பத்திரிகையே சொல்லுது. சனிக்கிழமை ஏழு மணிக்கு இவன் எங்க இருந்தான்?"

பெட்டியின் ஹிஜ்ரி வரி என் வேலை. ஒரு பழைய பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கத்து அட்டவணையைப் பார்த்து, ஒரு மாதத்துக்கு முப்பது நாள், அடுத்த மாதத்துக்கு இருபத்தொன்பது என்று எண்ணி, ஓர் ஆண்டுக்கானதை ஒரே மூச்சில் எழுதி அச்சுக்கூடத்தில் கொடுத்துவிடுவேன். ரம்ஜானுக்கும் மொஹரத்துக்கும் மட்டும் மசூதியில் விசாரித்துத் திருத்துவேன். மற்ற மாதங்களுக்கு விசாரித்ததில்லை. பிறையைக் கண்ணால் கண்டால்தான் அவர்களுக்கு மாதம் பிறக்கும். மேகம் மறைத்தால் நடப்பு மாதத்துக்கு முப்பதாவது நாள் சேர்ந்துவிடும். என் அட்டவணைக்கு மேகம் கிடையாது.

கல்யாணம் சனிக்கிழமைதான். அன்று ஷிப்டுக்குக் கிளம்புமுன் புடவையை அவன் கையில் கொடுத்தவன் நான். அப்படியானால் தவறு பெட்டியில்தான் இருக்க வேண்டும். ஆனால் என் பெட்டி தப்பு என்று நானே சொன்னால் எவர் நம்புவார்?

"பாபுவோட பெட்டி இந்த மாசம் ஒரு நாள் முந்தி ஓடுது, சாஹிப்" என்றார் தப்தரி. "மாசம் பொறந்த அன்னிலேருந்தே எனக்குத் தெரியும்."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். "ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலியே. அச்சுல வந்தப்புறம் தப்தரி சொல்லி யாரு திருத்தப் போறாங்க?"

அதிகாரி சிரித்தார். "அச்சுல வந்ததெல்லாம் வேதம்னு சொல்லுவார் எங்க அப்பா. நல்லவேளை, இத பாக்க அவர் இல்ல." சிரிப்பு அங்கேயே நின்றது. "பொண்ணோட அப்பா சொல்றதும் அக்கா புருஷன் சொல்றதும் எனக்கு வேண்டாம். காகிதம் இருக்கா?"

தப்தரி யோசித்தார். "இந்த மாசம் ஷபே பராத்துக்கு உங்க ஆளுங்க கபரிஸ்தான்ல காவல் நின்னாங்கல்ல, சாஹிப்? நாங்க கல்லறைல மெழுகுவத்தி ஏத்தின ராத்திரி. அது என்ன கிழமை?"

அதிகாரி எழுந்துபோய்ப் பணிப் பதிவேட்டை எடுத்துவந்தார். தடித்த, சிவப்பு முதுகுத் துணி போட்ட புத்தகம். பக்கங்களை மெதுவாகப் புரட்டினார். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது இருபத்தாறு. அந்தப் பக்கம் வேறு கிழமையைக் காட்டினால் எங்களிடம் வேறு காகிதம் எதுவும் இல்லை என்பதை அப்போதுதான் முழுதாக உணர்ந்தேன். சட்டைப்பையில் கண்ணாடியின் காம்பைப் பிடித்திருந்தேன்.

"செவ்வாய்க்கிழமை ராத்திரி. நாலு பேர், காலை அஞ்சு வரை" என்று படித்தார். அவருடைய கையெழுத்தே அதில் இருந்தது.

முன்ஷி கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டுப் பின்னோக்கி எண்ணினார். "ஷபே பராத்துங்கறது பதினஞ்சோட ராத்திரி. அது செவ்வாய். பதினாலு, திங்கள் ராத்திரி. பதிமூணு, ஞாயிறு. பன்னெண்டு..." நான்காவது கணுவில் விரல் நின்றது. "சனிக்கிழமை சாயங்காலம்."

அதிகாரி பதிவேட்டையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "உங்க பத்திரிகைல அந்த மாசத் தேதி தப்பா வந்துதுன்னு எழுதுங்க. யார் செஞ்ச தப்புன்னும் எழுதுங்க. கையெழுத்து, பதவி. ஒரு பிரதி உங்க ஆசிரியருக்குப் போகும்."

அட்டவணையை மட்டும் நம்பியது, மசூதியில் கேட்காதது, திருத்தாதது எல்லாம் எழுதினேன். பதினாறு வரி. பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது.

பிற்பகல் மூன்று இருபதுக்கு அவனை வெளியே அனுப்பினார்கள். வாசல்படி தெரியாமல் காலால் துழாவினான். கண்ணாடியைக் கொடுத்தேன். முதலில் தப்தரியைப் பார்த்தான். வீட்டுக்கு வந்ததும் மனைவி அவன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள், பிறகு முதுகை. "சாப்பிட்டியாடா?" என்று மட்டும் கேட்டாள். அன்று மாலையே அவனை மதராஸ் மெயிலில் ஏற்றிவிட்டோம்.

வியாழக்கிழமை இதழின் பெட்டியில் ஷாபான் 24 என்று இருந்தது. வெள்ளிக்கிழமை இதழிலும் ஷாபான் 24 என்றே இருந்தது.