நூற்றிரண்டாவது கட்டம்

இசைக் கல்லூரியில் அவளுக்குக் கமா அக்கா என்று பெயர். யார் தட்டச்சுக்கு எதைக் கொடுத்தாலும், "இங்க ஒரு கமா வேணுமே" என்று திருப்பிக் கேட்பாள். பத்தொன்பது வருஷமாக மேற்கத்திய இசைப் பேராசிரியரின் குறிப்புகளை அடித்துக் கொடுத்தவள். அவள் மேசைக்கும் வகுப்பறைக்கும் நடுவில் வெறும் பலகைத் தடுப்பு. அவர் பாடமும் பியானோவும் அப்படியே இந்தப் பக்கம் கேட்கும்.

கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டாள். சொனாட்டா என்றால் ஒரு மெட்டு சொந்தச் சுருதியில் கிளம்பும், வேறு சுருதிக்குப் போகும், நடுவில் அல்லாடும், கடைசியில் சொந்தச் சுருதிக்கே வந்து சேரும். இந்த இடங்களைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் பேராசிரியரின் படிப்பு. சாப்பாட்டு நேரத்தில் அவளும் நூலகத்து இசைத்தாளில் கோடு போட்டுப் பிரித்திருக்கும் தாளக் கட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணி, பென்சிலால் மெல்லக் குறிப்பாள். அழித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பாள்.

பேராசிரியர் எழுதிய பெரிய புத்தகத்தின் கடைசி அத்தியாயம் அடிக்க வந்தது. ஒரு சொனாட்டாவின் மெட்டு நூற்றிரண்டாவது கட்டத்தில் திரும்பி வந்துவிடுகிறது என்று எழுதியிருந்தார். அவள் இசைத்தாளை எடுத்துப் பார்த்தாள். மெட்டு அதுதான், சுருதி வேறு. கேட்பவரை ஏமாற்றவே போட்ட இடம் அது. நிஜமாகத் திரும்புவது பதினான்கு கட்டம் தள்ளி.

"சார், இது நூத்திப் பதினாறு இல்லையா?"

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கமாவெல்லாம் தீர்ந்துபோச்சாம்மா? இப்ப கட்டத்துக்கு வந்துட்டீங்க!"

அங்கிருந்த விரிவுரையாளர் ஒருவர் சிரித்தார். அவளும் சிரித்துவைத்தாள். எழுதியிருந்தபடியே அடித்துக் கொடுத்தாள்.

புத்தகம் வந்து எட்டு மாதம் கழித்து, ஒரு பத்திரிகை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு அவரைக் கிழி கிழியென்று கிழித்தது. அவர் எழுதிய பதிலும் இவள் மேசைக்குத்தான் வந்தது. 'தட்டச்சாளரின் கவனக்குறைவால் எண் மாறிவிட்டது.' அந்த வரியையும் பிழையில்லாமல் அடித்தாள்.

வீட்டில் தங்கை கொதித்தாள். "அவர் கைப்பட எழுதினது உன்கிட்டதானே இருக்கு? மூஞ்சிக்கு நேரா காட்டுக்கா!"

மறுநாள் அந்தத் தாளை அவர் மேசையில் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

"தெரியும்மா. நீங்க சொன்ன அன்னைக்கே வீட்ல வாசிச்சுப் பார்த்தேன். நீங்க சொன்னதுதான் சரி."

"அப்புறம் ஏன் சார் மாத்தல?"

"அத்தியாயம் முழுக்க அந்தக் கட்டத்தை நம்பித்தான் நிக்குது. ரெண்டு வருஷ வேலை. உங்களுக்கென்னம்மா, தட்டச்சுல தப்பு வர்றது சகஜம். யாரு பெருசா எடுத்துக்கப் போறாங்க?"

கல்லூரி முதல்வர் பெரிதாகவே எடுத்துக்கொண்டார். அந்த மாதமே அவளைக் கீழ்த்தளத்தில் சேர்க்கைப் படிவப் பிரிவுக்கு மாற்றினார்கள். கையெழுத்துத் தாள் பேராசிரியரிடமே தங்கிவிட்டது. அவள் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

கீழே இசை கேட்காது. விண்ணப்பதாரர் பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர்; நாள் முழுக்க அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வானொலியைத் திருப்பினாள். ஏதோ ஒரு பியானோ. "நல்லாருக்குல்லக்கா?" என்றாள். கமா அக்காவுக்கு நல்லாருக்கிறதா என்று தெரியவில்லை. மனசு அது பாட்டுக்குக் கட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தது. சுருதி எங்கே மாறியது, எங்கே திரும்பப்போகிறது என்று அது விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. நிறுத்தத் தெரியவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் துலக்க ஆரம்பித்தாள், தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டு.