தவிட்டுக்கு விற்ற பிள்ளை

வைத்திக்குப்பத்தில் வீராயியைத் தெரியாதவர்கள் கிடையாது. "மண்ணைத் தோண்டினவ" என்று சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் ஒருவர்கூட அன்றைக்கு அவள் பக்கத்தில் போய் நிற்கவில்லை. போய் நின்றவள் ஒரே ஒருத்திதான்.

வீராயியின் முதல் பிள்ளை ஏழாம் நாள் போயிற்று. இரண்டாவது தவழ ஆரம்பித்த பிறகு, காய்ச்சல் கண்டு ஒரே பகலில் போயிற்று. இரண்டையும் ஆண்கள் துணியில் சுற்றி எடுத்துப்போய் வடக்கே மணல்மேட்டில் புதைத்தார்கள். பெற்றவள் அங்கே போகக்கூடாது. பேர் சொல்லி அழவும் கூடாது. அழுதால் செத்தது அடுத்த பிள்ளையைத் தேடிக்கொண்டு வரும் என்று மாமியார் அஞ்சம்மாள் சொல்லிவிட்டாள். வீராயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கிடந்தாள்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஐப்பசியில் மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தது. அஞ்சம்மாள் சும்மா இருப்பாளா? பிள்ளை தங்காத வீட்டில் செய்கிறதைச் செய்தாள். பக்கத்துத் தெரு செல்வாம்பாள் மீன் விற்கிறவள். ஏழு பெற்று ஏழையும் உயிரோடு வைத்திருப்பவள். அவள் ஒரு முறம் தவிட்டை வாசலில் கொட்டிவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டு போனாள். எமன் வந்து கேட்டால் இது வீராயி பிள்ளை இல்லை, தவிட்டுக்கு விற்றாயிற்று என்று சொல்லிவிடலாம் அல்லவா? சாயங்காலம், வளர்க்கக் கொடுப்பதுபோல அதைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். அதன் பிறகு வீட்டில் எல்லோரும் அதைச் "செல்வாம்பா புள்ள" என்றே சொன்னார்கள். புருஷன் கன்னியப்பனும் அப்படித்தான் சொன்னான். எமனையே ஏமாற்றப் புறப்பட்ட அந்தக் கெட்டிக்காரர்களில் ஒருவருக்கும், பெற்றவள் அங்கே தூக்கமில்லாமல் படுத்திருப்பது கண்ணில் படவில்லை.

பிள்ளை பிறந்த நாலாம் நாள் உச்சி வேளை. ஆண்கள் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். குழந்தை வாயைத் திறந்து அழுதது. வாய் இங்கே திறந்திருந்தது. சத்தம் எங்கிருந்தோ தூரத்திலிருந்து வந்தது. வீராயி அதன் வாயைக் கையால் மூடிப் பார்த்தாள். சத்தம் நிற்கவில்லை. வடக்கேயிருந்து, மணலுக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் குழந்தையை முகர்ந்து பார்த்தாள். பால் வாசனை இல்லை, தவிட்டு வாசனைதான் அடித்தது. அது கண் கொட்டாமல் அவளையே பார்த்தது. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தன் பிள்ளையைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். அதன் இடத்தில் வேறு எதையோ கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். மாமியாரிடம் சொன்னாள். "ஆமாம்டி, அது உம்புள்ள இல்ல, அப்படியே சொல்லிக்கிட்டிரு," என்று அஞ்சம்மாள் திருப்தியோடு தலையாட்டினாள்.

பத்தாம் நாள் பட்டப்பகலில், மார்க்கெட்டிலிருந்து வெறுங்கூடையோடு திரும்பிய செல்வாம்பாள் மணல்மேட்டில் வீராயியைப் பார்த்தாள். கொட்டாங்குச்சியால் தோண்டிக்கொண்டிருந்தாள். முழங்கை ஆழத்துக்குக் குழி. பக்கத்தில் கொதிக்கிற மணலில், ஒரு கந்தல் மேல், குழந்தை சத்தமில்லாமல் கிடந்தது.

"இன்னாடி பண்ற?"

"எம்புள்ளைய எடுக்கறேன்," என்றாள் வீராயி, சாதம் வடிக்கிறேன் என்று சொல்கிற குரலில். "இத்த உள்ள வச்சிட்டு அத்த எடுத்துக்கறேன். சும்மா கேட்டா குடுக்க மாட்டாங்க இல்ல."

செல்வாம்பாள் கூடையை மணலில் இறக்கி வைத்தாள். ஓடவில்லை, கத்தவில்லை. குழந்தையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு குழியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "வெயில் ஏறிப்போச்சி. தண்ணி குடிச்சிட்டு வரலாம் வா," என்றாள். வீராயி நிமிர்ந்து பார்த்தாள். பத்து நாளில் அவளை வா என்று கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. எழுந்து வந்தாள்.

அதற்குள் சேதி வீட்டுக்கு எட்டிவிட்டது; பூசாரியை வரவழைத்து வேப்பிலையும் பிரம்புமாகத் தயாராக நின்றாள் அஞ்சம்மாள். செல்வாம்பாள் வாசலை மறித்துக்கொண்டாள்.

"புள்ளைய தவுடு குடுத்து வாங்கினவ நானு. எம்புள்ளைக்குப் பால் குடுக்கறவ மேல ஒரு அடி விழக்கூடாது. நான் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறேன்."

கன்னியப்பன் அம்மாவைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான், பிறகு ரிக்‌ஷா கூப்பிடப் போனான். தவிட்டுக்கு விற்ற அந்தச் சடங்கால் உருப்படியாக நடந்தது இது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தூக்கத்துக்கு மருந்து கொடுத்தார். கைக்குழந்தைக்காரியான செல்வாம்பாளே குழந்தைக்குப் பால் கொடுத்தாள். நர்ஸ் பார்வதி தினமும் மத்தியானம் வீராயியின் கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து பிரசவ வார்டில் இருப்பவள். இப்படிப்பட்ட கண்களை முன்பும் பார்த்திருக்கிறாள்.

"அதுதான் உம்புள்ளன்னு நான் சொல்ல மாட்டேன்," என்றாள் பார்வதி. "உம்புள்ள எப்படி இருந்துச்சின்னு நீ சொல்லு."

மூன்று மத்தியானம் பார்வதி கேட்டுவிட்டுப் போனாள். நாலாம் நாள் வீராயி மூத்த பிள்ளையின் காது மடலைப் பற்றிச் சொன்னாள். பிறகு இரண்டாவது பிள்ளை தவழும்போது ஒரு காலை இழுத்து இழுத்து வந்ததைச் சொன்னாள். பேரைச் சொல்லிவிட்டுப் பயந்துபோய் வாசலைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. அப்புறம் அழுதாள், பார்வதி கையைப் பிடித்துக்கொண்டு, வார்டே திரும்பிப் பார்க்கும்படி.

அதோடு சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். குழந்தையைக் கொண்டுவந்து காட்டியபோது, "இது இல்ல," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்று மாதம் ஆயிற்று. மாசியில் ஒரு மத்தியானம் குழந்தை அவள் மடியில் அழுதபோது, சத்தம் அந்த வாயிலிருந்தே வந்தது. வீராயி ரவிக்கையை அவிழ்த்தாள்.

அறுபதில் ஒரு பையன் பிறந்தான். ஐந்தாம் நாள் அவன் அழுகையும் தூரத்தில் கேட்டது. இந்தத் தடவை அவள் மணல்மேட்டுக்குப் போகவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்கு நடந்து போய், "அக்கா, மறுபடியும் கேக்குது," என்றாள். பிறகு வியாழக்கிழமைதோறும் பார்வதி வேலை முடிந்து வரும்வரை வராந்தா பெஞ்சில் காத்திருப்பது வழக்கமாயிற்று. குப்பத்தில் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தாள்.

அறுபத்திரண்டில் ஒரு வியாழக்கிழமை, அஞ்சம்மாள் தானும் வருவதாகச் சொன்னாள். எதற்கு என்று சொல்லவில்லை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்கும் நாலு போச்சி," என்றாள் தரையைப் பார்த்தபடி. "கன்னியப்பன தவுட்டுக்குத்தான் வித்தேன். வித்துட்டு வாங்கினேன். முப்பத்திரண்டு வருஷமா சோறு போடறேன். அவன் எம்புள்ளதானான்னு இன்னும் எனக்குத் தெரியல."

வீராயி திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். இவளையா இத்தனை வருஷம் வெறுத்தோம் என்று இருந்தது. பார்வதி இன்னும் வரவில்லை. வீராயி நகர்ந்து மாமியாரை ஒட்டி உட்கார்ந்தாள்.

"அத்தை, மொதப் புள்ளைக்கு இன்னா பேரு?"

அஞ்சம்மாள் உதட்டை அசைத்தாள். அத்தனை வருஷம் சொல்லாத பேர் முதல் தடவை வாயில் வரவில்லை. இரண்டாம் தடவை சொன்னாள்.