பெரட்டு நோட்டில் ஒரு சிறுமி

எங்கள் தேயிலை எஸ்டேட்டை மூடிவிட்டு, நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளையும் காலி செய்யச் சொன்னார்கள். நாங்கள் நாற்பது குடும்பமும் குடியிருக்க வீடு கேட்டுப் பந்தலூர் தாலுகா ஆபீஸ் வாசலில் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்துவிட்டோம்.

கொழுந்து பறித்துப் பழகியவர்களுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. எங்கள் மேஸ்திரி அங்கேயும் பெரட்டு வைத்தார். வேலைக்குப் போகுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. மழையோ பனியோ, காலையில் நோட்டைத் திறந்துவிடுவார். போகிறவர் வருகிறவர் சிரித்தார்கள். சிரிக்கட்டும், எங்களுக்கு அது இல்லாமல் பொழுது விடிந்த மாதிரி இருக்காது.

மூன்றாம் நாள் வரிசைக் கடைசியில் ஒரு சிறுமி வந்து நின்றாள். பஸ் ஸ்டாண்டில் சித்தியோடு படுத்துக் கிடப்பவள். எட்டு வயது இருக்கும். யாரோ பெரியவருடைய ஸ்வெட்டர் முழங்கால் வரை தொங்கியது.

“எம் பேரயும் கூப்பிடச் சொல்லுங்கக்கா.”

“நீ எந்த எஸ்டேட்டும்மா?” என்று வம்புக்கு இழுத்தேன்.

“உங்க எஸ்டேட்டுதானுங்க.”

வாய் கொஞ்சம் நீளம். எனக்குப் பிடித்துப்போயிற்று. மேஸ்திரியும் சிரித்துக்கொண்டே அவள் பெயரை என் பெயருக்குக் கீழே எழுதிக்கொண்டார். அதற்கப்புறம் அவள் சாப்பிட்டது என் தட்டில், தூங்கியது என் கம்பளியில். இரண்டு நாள் உட்கார்ந்து தலையில் பேன் எடுத்தேன். பெரட்டுக்கு முன்னால் ஓடிப்போய் முகம் கழுவிவிட்டு வருவாள். பெயர் வந்ததும் “இருக்கேனுங்க” என்பாள். அவ்வளவு சத்தமாக நாங்கள் யாரும் சொன்னதில்லை.

பன்னிரண்டாம் நாள் ஓர் அதிகாரி வெளியே வந்து, வீடு கேட்கிறவர்கள் லிஸ்ட் எங்கே என்றார். மேஸ்திரி யோசிக்கவே இல்லை, பெரட்டு நோட்டை நீட்டிவிட்டார். எஸ்டேட்டில் அதில் பேர் இருந்தால்தானே ஆள் இருப்பதாகக் கணக்கு. அதிகாரி ஒவ்வொரு பெயரையும் ஆளோடு சரிபார்த்துக்கொண்டு வந்தார். என் பெயருக்குக் கீழே விரல் நின்றது.

“இது உங்க பொண்ணாம்மா? ஒரு பேர் தப்பா இருந்தாலும் மொத்த லிஸ்டும் செல்லாது.”

ஆமாம் என்றால் ரேஷன் கார்டைக் கேட்பார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தரையைப் பார்த்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அவள் கையை எடுத்தாள்.

“நான் இவங்க ஆளு இல்லீங்க சார். சோத்துக்கு வந்தேன். பேரெழுதச் சொல்லி நாந்தான் அழுதேன்.”

அதிகாரி அந்த வரியை அடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். லிஸ்ட் தப்பியது. நான் நிமிர்ந்தபோது அவள் அங்கே இல்லை.

பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால், விரித்த சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

“எம்மேல கோவமா கண்ணு?” என்றேன்.

“இல்லீங்கக்கா. ஊடு போச்சுன்னா நீங்க அத்தன பேரும் இங்கதான வந்து படுக்கோணும். இங்க எங்க ரெண்டு பேருக்கே எடம் பத்தல.”

சொல்லிவிட்டு, நான் உட்காரச் சாக்கில் நகர்ந்துகொண்டாள்.