தலையில் சுழன்ற மாமா

மாமா தலையில் நின்று சுழல்வார் என்பதைப் பெண் வீட்டார் வந்து போகும்வரை யாரிடமும் சொல்லக்கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். எனக்கு அப்போது எட்டு வயது. அம்மாவின் தம்பியான மாமா கண்டியில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். அம்பிட்டியவில் எங்களோடுதான் இருந்தார். பின்னேரம் பஸ்ஸால் இறங்கி வந்ததும் கதிரைகளைச் சுவரோரம் தள்ளி, ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, பிரேக் டான்ஸ் பழகுவார்.

அது நியூயோர்க்கில் ஏழைகள் வாழ்ந்த தெருக்களில் பிறந்தது என்பார். பாட்டு நின்று டிரம் மட்டும் ஒலிக்கும் இடத்துக்காகத்தான் அங்கே ஆடுகிறவர்கள் காத்திருப்பார்களாம். அதைக் கவனித்த ஒருவர், ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு அந்த இடத்தையே மாற்றி மாற்றி ஓட்டினாராம். அந்த இடத்துக்குப் பெயர்தான் பிரேக். மாமாவின் கால் பட்டு அலுமாரிக் கண்ணாடி உடைந்த நாளிலிருந்து எனக்கு அந்தச் சொல்லுக்கு வேறு பொருள்தான் தோன்றியது.

பெண் வீட்டார் மாத்தளையிலிருந்து வந்தார்கள், பெண்ணும் வந்திருந்தார். தேநீர் குடித்தபடி பெண்ணின் அப்பா, பள்ளிக்கூடத்தில் டான்ஸ் பழகுகிறாயா என்று என்னைக் கேட்டார்.

"இல்ல. மாமாதான் ஆடுவாரு. தலையில சுத்துவாரு. ஆனா அத சொல்லக் கூடாது."

அம்மாவின் கையில் தட்டு அப்படியே நின்றது. மாமா மறுக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் ஆட்டத்தை விடப்போவதில்லை என்று பணிவாகச் சொன்னார்.

"அப்ப ஒருக்கா ஆடிக் காட்டுங்க தம்பி, பாப்போம்," என்றார் பெண்ணின் அப்பா.

மாமா அட்டையை விரித்தார். கைகளை ஊன்றி, ஆறு அடிகளில் கால்களை உடம்பைச் சுற்றி ஓடவிட்டார். முதுகில் சரிந்து, விரித்த கால்கள் காற்றாடி இறக்கைகளாய் வீச உருண்டார். பிறகு தலையில் சுழன்றார். சட்டைப்பையிலிருந்த பேனை பறந்துபோய்ப் பெண்ணின் காலடியில் விழுந்தது. கடைசியில் ஒற்றைக் கையில் உடம்பைத் தாங்கி, கால்கள் அந்தரத்தில் நிற்க, அசையாமல் உறைந்தார். பெண்ணின் அப்பா, யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்துகொண்டார்.

அவர்கள் போனதும் அம்மா என்னோடு பேசவில்லை. என் வாயால்தான் சம்பந்தம் போனது என்று அழுதேன். என் குற்றம் கொஞ்சம் குறையட்டும் என்று, அந்த அக்கா பேனையைத் திருப்பித் தராமல் கொண்டுபோனதை மாமாவிடம் போட்டுக்கொடுத்தேன்.

"எடுத்தத நீ பாத்தியா?"

"பாத்தேன். உங்களப் பாத்துக்கிட்டேதான் பையில போட்டாங்க."

அம்மா சிரித்துவிட்டார். மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். பேனையைப் பறிகொடுத்தவர் ஏன் இப்படிச் சந்தோஷப்படுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. வைகாசியில் அந்த அக்கா எனக்கு அத்தையாகி வீட்டுக்கு வந்தபோது, என் பென்சில் பெட்டியை அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.