ஃபூங்கின் எழுபது சதுர அடி

லிஃப்ட் மெக்கானிக் ஃபூங்குக்கு ஐம்பத்தாறாவது வயதில் காய்ச்சல் முற்றியது. ஹாங்காங்கின் ஷாம் ஷூய் போ வட்டாரத்தில் ஸ்பீக்கர் பித்துப் பிடித்தவர்கள் தங்களைக் 'காய்ச்சல்காரர்கள்' என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். மற்ற காய்ச்சலுக்கு மாத்திரை உண்டு. இதற்கு வயர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், குணமாகாது.

மகள் கல்யாணமாகிப் போனதும் அவளுடைய எழுபது சதுர அடி அறை காலியானது. ஃபூங் மூச்சு விடுவதற்குள் மனைவி லாய்-கின் குளிர்காலப் போர்வைகளையும், நாலு பேர் காய் வைத்து ஆடும் மாஜாங் மேசையையும் அங்கே கொண்டுபோய்ப் போட்டுவிட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு ஒரே ஒரு நாற்காலியில் தனியாக உட்கார்ந்து பாட்டுக் கேட்க வேண்டும் என்பது அவருடைய இருபது வருட ஆசை. கெஞ்சினார்.

"நிலாத் திருநாள் வரைக்கும் அறை உங்களுது. அதுக்குள்ள உங்க மோக் மாஸ்டர் நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, காலத்துக்கும் உங்களுதே. இல்லேன்னா மேசை உள்ள வந்துடும்" என்றாள்.

மோக் மாஸ்டர் அப்லியூ தெருவில் ஸ்பீக்கர் கடை வைத்திருப்பவர். கண்ணை மூடி இரண்டு நிமிடம் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். அதற்கு அப்பீல் கிடையாது.

"சின்ன ரூமுக்குச் சின்ன ஸ்பீக்கர் போதும்ணே. கொஞ்சம் துணிமணி கிடந்தா இன்னும் நல்லாருக்கும்" என்றார் பக்கத்துக் கடைக்காரர். வந்த கிராக்கியைச் சின்னதை வாங்கச் சொல்கிறவனுக்கு என்ன தெரியும் என்று ஃபூங் மார்பளவு உயர ஸ்பீக்கர் இரண்டை வாங்கிவந்தார். திரைச்சீலை உட்பட எல்லாவற்றையும் வெளியே எடுத்து அறையைத் துடைத்துவிட்டார். போட்டுக் கேட்டால், பாடகி பீப்பாய்க்குள் விழுந்து கத்துவதுபோல் இருந்தது. மூன்று முறை வயர் மாற்றினார். பீப்பாய்தான் பெரிதானது.

திருநாளுக்கு முந்தைய ஞாயிறு மாஸ்டர் முட்டை டார்ட் பலகாரத்தோடு வந்தார். "பேஸ் சத்தம் ஊளையிடுது. டார்ட் ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஃபூங்குக்கு அழுகையே வந்துவிட்டது.

பேச்சு பேச்சுதான். திருநாள் முடிந்ததும் போர்வைகள் சுவரோடு கூரைவரை ஏறின, மேசை நடுவில் வந்தது, லாய்-கின்னும் அண்டை வீட்டுக்காரிகள் மூவரும் உட்கார்ந்தார்கள். ஃபூங்குக்கு அங்கே நிற்கக்கூட இடமில்லை.

மறுவாரம் மாஸ்டர் புது வயர் ஒன்றை விற்க வந்தார். சாத்தியிருந்த அறைக் கதவருகே சட்டென நின்று கண்ணை மூடினார். உள்ளே ஆட்டம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. மூலையில் நின்ற ஸ்பீக்கருக்கு மின்சாரமே போகவில்லை.

"அடேயப்பா! காய் உருள்றது ஒவ்வொண்ணும் தனியா கேக்குது. இடப்பக்கம் ஒரு பொம்பள, வலப்பக்கம் ரெண்டு, பின்னாடி ஒருத்தி. கையால தொட்டுடலாம் போலிருக்கே! என்னய்யா ரெக்கார்டு இது?"

உண்மையைச் சொல்ல ஃபூங் வாயைத் திறந்தார். இருபது வருடத்தில் மாஸ்டர் யாரையும் இப்படிப் புகழ்ந்ததில்லை.

"அதுவா... பழைய ரெக்கார்டு மாஸ்டர்" என்றார்.

"ஹாங்காங்லயே இப்படி ஒரு ரூம் கிடையாது. அப்படியே இருக்கட்டும். ஒரு துரும்பைக்கூட நகர்த்திடாதே!" என்று முதுகில் தட்டிக்கொடுத்து, வயரையும் அவர் தலையில் கட்டிவிட்டுப் போனார் மாஸ்டர்.

வாசல் கதவைச் சாத்தியதும் அறைக் கதவு திறந்தது. லாய்-கின் தலையை நீட்டினாள்.

"கெடு தாண்டினாலும் பரவால்ல, ஜெயிச்சுட்டீங்க. ரூம் உங்களுதுதான்."

ஃபூங்கின் முகம் மலர்ந்தது.

"ஆனா மாஸ்டர் சொன்னது காதுல விழுந்துச்சுல்ல? ஒரு துரும்பைக்கூட நகர்த்தக் கூடாதாம். ஸ்பீக்கர் மேல டீ கிளாஸ் வைக்கலாமான்னு மட்டும் அவரைக் கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.