நான்காவது மாடி மரச்சுவர்

அன்றிரவு அந்தக் கட்டடத்தில் இருந்தவர்கள் மூன்றே பேர். சைட் இன்ஜினியர் கயல். கீழே கேட்டில் திருமூர்த்தி அங்கிள். தீக்காவலுக்கு நான், இளமாறன். வேறு யாரும் இல்லை. நம்பாதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

சான் ஹோசேயில் ஆறு மாடி. தூண், தரை, சுவர் எல்லாம் மரம். பலகைகளை அடுக்கி, பசை போட்டு அழுத்திய கனத்த மரம். எரிந்தால் மேல்பக்கம் கரியாகி உள்ளே இருப்பதைக் காக்கும் என்பார்கள். கட்டி முடித்த கட்டடத்துக்கு அது சரி. இங்கே நெருப்பில் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் குழாயில் இன்னும் தண்ணீர் விடவில்லை. மூட்டுகளில் இடுக்குகளை அடைக்கவில்லை. மாலையில் நான்காவது மாடியில் வெல்டிங் நடந்தது. ஒரு பொறி இடுக்கில் விழுந்தால் போதும், மணிக்கணக்கில் வெளியே தெரியாமல் கனலும். அதைக் கவனிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

இரவு 1:40. புகை வாசனை.

கயலைக் கூப்பிட்டேன். வெப்பத்தைக் காட்டும் கேமராவோடு வந்தாள். திரையில் சுவர் முழுக்க நீலம். குளிர்ச்சி. நடுவில் மட்டும் சிவப்பாக ஒரு உள்ளங்கை. ஐந்து விரல்.

“சுவத்துல கை வெச்சியா?”

“இல்ல.”

“எம்.எஸ். படிப்ப பாதில விட்டுட்டு வந்தே. பொய்யையாவது முழுசா சொல்லு.”

அவள் சிரித்து முடிப்பதற்குள் இன்னொரு கை. ஒரு அடி தள்ளி. எங்கள் கண்முன்னே சிவந்தது.

டொக்... டொக்...

சுவருக்கு உள்ளிருந்து. அது திடமான மரம். உள்ளே காற்றுக்கே இடமில்லை.

பின்னால் படபடவென்று சத்தம். திரும்பினோம். நாங்கள் ஏறிவந்த படிக்கட்டுப் பக்கம், கூரை மூட்டில் நெருப்புக் கோடு. படி முழுக்கப் புகை.

விளக்குகள் அணைந்தன.

கேமராத் திரை மட்டும். அதில் கைகள்... ஒன்றன்பின் ஒன்றாக... கிழக்கே.

“அது பின்னாடியா போகணும்?” என்றேன்.

“வேற வழி இருக்கா? ஓடு!”

ஓடினோம். இருமல். முதுகில் சூடு.

ஒரு கதவு. தள்ளினேன்.

படி. நல்ல காற்று.

அந்த மாடி எரிந்து போய்விட்டது. கிழக்குப் படி தப்பியது. கதவு நெருப்பைத் தாங்கி நின்றிருந்தது. தீயணைப்பு வீரர்கள் உடைத்துத்தான் திறந்தார்கள். யார் பூட்டியது என்று கேட்டார்கள்.

திருமூர்த்தி அங்கிள் என்னைத் தனியே இழுத்தார். “என்னப்பா உளர்றாங்க? அந்தக் கதவுக்கு லாக்கே இன்னும் போடலை. பெட்டியே பிரிக்கலை.”

இருக்கலாம். நான் பார்த்ததைத்தான் நான் சொல்ல முடியும். கடைசியாக வெளியே வந்தவள் கயல். அவள் கால் படியில் பட்டது. யாரும் தொடவில்லை. அவளுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

உள்பக்கமிருந்து... பூட்டு விழுந்தது.