கோவில்பத்தில் தேய்ந்த பிளேட்

திருவாரூரிலிருந்து கிளம்பிய என் இருபது வருஷத்துக் கார், காரைக்கால் கோவில்பத்து ஒர்க்‌ஷாப் வரை ஊர்ந்தே வருகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின்தான் கத்துகிறது. மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டு, லாரி ஓட்டியே ஏழு லாரிக்கு முதலாளியானவன் நான். கிளட்ச் பிளேட் போய்விட்டது என்று எனக்கே தெரியும். ஆனால் இந்தப் புது பிளேட் போட்டு மூன்று மாதம்தான் ஆகிறது. பழைய பிளேட்டைத் தேய்த்தாய் என்று அப்போதே டிரைவர் செல்வத்தை வேலையை விட்டு அனுப்பிவிட்டேன்.

மெக்கானிக் யூசுப் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, டாப் கியர் போட்டு, கிளட்ச்சை விடுகிறார். அணைய வேண்டிய இன்ஜின் அதுபாட்டுக்கு ஓடுகிறது.

"பிளேட்டு சுத்தமா தேஞ்சிடுச்சுங்கய்யா. யாரு ஓட்டுறது?"

"நான்தான். நாப்பது வருஷ சர்வீஸ் தம்பி."

"கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்க."

பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்காமல் என் காலையே பார்க்கிறார். தெருமுனைகூட வரவில்லை.

"இடது காலு எங்கங்க இருக்கு?"

குனிகிறேன். கியர் மாற்றி முடித்த பிறகும் கால் கிளட்ச் மேலேயே கிடக்கிறது.

"பஸ்ல பக்கத்து சீட்டுல துண்டு போட்ட மாதிரி எடுக்கவே மாட்டேங்கிறீங்களே! அந்தப் பாரத்துலதான் பிளேட்டு வழுக்கி வழுக்கித் தேயுது."

தூரப் பயணம் என்றால் செல்வத்திடம் ஸ்டியரிங்கை நான்தான் வாங்கிக்கொள்வேன். அவன் என்னிடம் இருந்த பன்னிரண்டு வருஷமும் அப்படித்தான். இறங்கி ஓரமாக நின்று போன் போடுகிறேன்.

"செல்வம், பிளேட்டைத் தேய்ச்சது நீ இல்லடா. நான்."



"தெரியும் முதலாளி. இப்ப எங்க நிக்கிறீங்க?"